தீவு தந்த தீர்ப்பு

மொரீசியசு நாட்டின் நூறு ரூபாய்த் தாளிலே ஒரு தமிழ் முகம் இருக்கிறது. ரங்கநாதன் சீனிவாசன் என்ற வழக்கறிஞரின் முகம் அது. தொழிற்கட்சியின் தூண்களில் ஒருவராக விளங்கி, 1958-இல் மறைந்தவர். அந்தத் தாளில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. 1998-இல் புதிய தாள்களை அச்சிட்டபோது, தமிழ் இருந்த இடத்தைக் கீழே இறக்கி இந்தியை மேலே ஏற்றினார்கள். தமிழர் கொதித்தெழுந்தனர். அச்சிட்ட தாள்களை அந்நாடு திரும்பப் பெற்றுக்கொண்டது!

இது நம்மில் பலருக்குத் தெரிந்த செய்திதான். கேட்டு மகிழ்ந்த செய்தியுங்கூட. ஆனால் அதே நாட்டின் ஆயிரம் ரூபாய்த் தாளிலே யார் முகம் இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேத்தான் டுவால்! முழு விடுதலை வேண்டாம், பிரிட்டனோடு இணைந்தே இருப்போம் என்று ஊர் ஊராகச் சென்று முழங்கியவர். இரண்டாயிரம் ரூபாய்த் தாளில் இருப்பவர் சிவசாகர் ராம்குலாம். விடுதலையே வேண்டும் என்று நின்று வென்றவர். வேண்டும் என்றவரும் வேண்டாம் என்றவரும் இன்று ஒரே பணப்பையில் குடியிருக்கிறார்கள். விந்தை அன்றோ!

1967 என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, சென்னைக் கோட்டையில் ஆட்சி மாறிய அந்தத் தேர்தல். அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7-ஆம் நாள், இந்துமாக்கடலிலுள்ள அந்தத் தீவிலும் ஒரு தேர்தல் நடந்தது. பெயர் என்னவோ சட்டமன்றத் தேர்தல். ஆனால் மக்கள் முன் நின்ற கேள்வி ஒன்றே ஒன்று — விடுதலையா, இணைப்பா?

நாம் பாடம் நடத்தும் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்திலே அந்தத் தீவு ஒரு புள்ளி. மாணவன் விரல் வைத்தால் மறைந்துபோகும். கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். மண்ணின் மைந்தர் என்று சொல்லிக்கொள்ள அங்கே எவரும் இல்லை, எல்லோரும் வந்தவர்கள்தாம். ஆனால் எப்படி வந்தார்கள் என்பதிலேதான் இருக்கிறது வேறுபாடு.

பிரெஞ்சுக்காரன் சீமானாக வந்தான். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாசுகரிலிருந்தும் கறுப்பு மக்கள் விலங்கோடு வந்தார்கள். 1735-இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, போர்ட் லூயி துறைமுக நகரத்தை எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தான். அவர்களிலே தமிழர் இருந்தனர். 1810-இல் ஆங்கிலேயன் தீவைப் பிடித்தான். 1835-இல் அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்தபோது நட்டஈடு கொடுத்தார்களாம் — யாருக்கு? முதுகு கிழிந்தவனுக்கா? இல்லை; சாட்டை பிடித்தவனுக்கு!

கரும்பு வெட்டக் கை வேண்டுமே! கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் ஆள் பிடித்தார்கள். 1834-இல் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக அந்தக் கரையிலே இறங்கினார்கள். இறங்கியவர்களின் பெயரைத் தன் காதுக்கு எட்டியபடியெல்லாம் ஏட்டில் எழுதிவைத்தான் எழுத்தன். குப்பன் கூப்பன் ஆனான். முருகன் மூர்கன் ஆனான். பெயர் சிதைந்தது, சாதி மட்டும் சிதையவில்லை. கடல் கடந்தால் சாதி கெடும் என்று இங்கே சாத்திரம் பேசினார்கள். அதுவோ கப்பலேறிப் போய்க் கரும்புக் காட்டிலும் குடிசை போட்டுக்கொண்டது.

இப்படி வந்து சேர்ந்த மக்களிலே வாக்குரிமை யாருக்கு இருந்தது? 1885-இல் தந்த அரசியல் சட்டத்தின்படி மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாட்டிலே வாக்காளர் ஏறத்தாழ 4,000 பேர். சொத்து உள்ளவன் எண்ணப்பட்டான், உழைத்தவன் எண்ணப்படவில்லை. 1936-இல் தொழிற்கட்சி பிறந்தது. அதைத் தோற்றுவித்தவர் மோரிசு கியூரே என்ற மருத்துவர்; இந்தியர் அல்லர், கிரியோல் இனத்தவர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் எழுந்த இனப்பகை பிறப்பிலேயே இருந்ததன்று என்பதற்கு இதுவே சான்று.

1943 செப்டம்பர் 27. பெல் வூ ஆரேல் கரும்புத் தோட்டத்திலே கூலி உயர்வு கேட்டவர்கள் மீது காவலர் துப்பாக்கியால் சுட்டனர். நால்வர் மாண்டனர். அவர்களில் ஒருத்தி அஞ்சலை, கூப்பன் என்று ஏடேறிய நம் குப்பன் பெயர் தாங்கியவள், கருவுற்றிருந்தவள். இன்று அந்நாட்டின் பெரிய விளையாட்டரங்கத்துக்கு அவள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அவள் வாழ்ந்த நாளில் அவளுக்கு ஒரு வாக்குச் சீட்டுக்கூடக் கிடையாது.

ஐந்தாண்டு கழித்து 1948-இல் தேர்தல் வந்தபோது விதி மாறியிருந்தது. சொத்து வேண்டாம், எளிய சொற்றொடரை எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், வாக்கு உண்டு, ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. எந்த மொழியில் படிக்க வேண்டும்? ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமல்ல. ஏற்கப்பட்ட மொழிகளின் பட்டியலிலே தமிழும் இருந்தது, தெலுங்கும் இருந்தது. ஆசிரியத் தொழில் செய்யும் நாம் இந்த இடத்திலே சற்று நின்றுவிடுகிறோம். அகரம் எழுதத் தெரிந்தவனுக்கு ஆட்சியிலே பங்கு! பகலெல்லாம் கரும்பு வெட்டியவர்கள் இரவிலே விளக்கேற்றி உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். பசுதேவ் பிசுந்தோயல் என்பவர் தொண்டர் படை திரட்டி ஊர் ஊராகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார். ஏறத்தாழ 12,000 ஆக இருந்த வாக்காளர் தொகை 71,000-க்கு மேல் உயர்ந்தது. மக்கள் 19 பேரைத் தேர்ந்தெடுத்தனர். உடனே கவர்னர் என்ன செய்தார்? தம் பங்குக்கு 12 பேரை நியமித்தார். பெரும்பாலும் பழைமை விரும்பிகள். மக்கள் ஏற்றிய தராசுத் தட்டை மாளிகை இறக்கியது.

எல்லோருக்கும் வாக்கு என்பது 1959-இல்தான் வந்தது. அந்த ஆண்டும் 1963-இலும் நடந்த தேர்தல்களில் ராம்குலாமின் தொழிற்கட்சி முன்னணியில் நின்றது. இனி விடுதலைதானே? அங்கேதான் தீவு இரண்டாகப் பிளந்தது.

1965 செப்டம்பரில் இலண்டனில் மாநாடு கூட்டினார்கள். விடுதலை வேண்டும் என்றது தொழிற்கட்சி. பசுதேவின் தம்பி சூக்தேவ் பிசுந்தோயலின் கட்சியும், அப்துல் ரசாக் முகமதுவின் முஸ்லிம் குழுவும் காப்புரிமைகளைக் கேட்டுப் பெற்று அதன் பக்கம் நின்றன. எதிரே நின்றது டுவால் முன்னணி வகித்த சமூக சனநாயகக் கட்சி. அது கேட்டது பொதுவாக்கெடுப்பு. மக்களையே நேராகக் கேளுங்கள். விடுதலையா, இணைப்பா என்று இரண்டிலொன்று கேளுங்கள் என்றது. பிரிட்டிஷ் குடியேற்ற அமைச்சர் கிரீன்வுட் மறுத்துவிட்டார். பொதுத்தேர்தல் நடக்கட்டும், வரும் சட்டமன்றம் விடுதலை கேட்டால் தருவோம் என்றார். அந்தக் கட்சி வெளியேறியது.

எது சரி? பொதுவாக்கெடுப்பு கேட்டது தோற்பவன் தந்திரம் என்று ஒரே வீச்சில் தள்ளிவிடலாம். தள்ளிவிடுமுன் பசிபிக் கடலுக்கு ஒரு நடை போய்வருவோம். பிரெஞ்சு ஆட்சியிலுள்ள நியூ கலிடோனியாவிலே இதே கேள்வியை நேராகவே கேட்டார்கள். ஒரு முறையல்ல, மூன்று முறை. 2018-இல் விடுதலைக்கு நூற்றுக்கு 43 பேர்; 2020-இல் 47 பேர்; 2021-இல் மண்ணின் மக்களான கனாக்குகள் புறக்கணிக்கவே, 'வேண்டாம்' என்ற பக்கம் 96 ஆகிவிட்டது! வாக்களிக்க வந்தவர்களோ பாதிக்கும் குறைவு. 2024 மே திங்களில் அங்கே வாக்காளர் பட்டியலைத் திருத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் தீயும் துப்பாக்கியும் பேசின. கேள்வியை நேராகக் கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்பதில்லை. யாரை எண்ணுவது என்பது தீராதவரை எந்த எண்ணிக்கையும் தீர்ப்பாவதில்லை.

மொரீசியசுக்குத் திரும்புவோம். இணைப்பு கேட்டவர்கள் யார்? கரும்பு முதலாளிகள் என்று விடை சொல்வது எளிது. உண்மைதான். சர்க்கரையே அந்நாட்டின் ஏற்றுமதி. பிரிட்டன் தந்த விலை உறுதியே முதலாளியின் பெட்டகத்துச் சாவி. ஆனால் அந்தத் தீவிலே வெள்ளை முதலாளிகள் ஒரு கைப்பிடி. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 44 பேர் இணைப்புக் கட்சிக்கு வாக்களித்திருக்கிறார்கள். ஒரு கைப்பிடி முதலாளிகள் 44 ஆக முடியுமா? பெருந்திரளாக வாக்களித்தவர்கள் கிரியோல் மக்கள், அடிமைகளின் பேரப்பிள்ளைகள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள். எவன் பாட்டன் முதுகிலே சாட்டை விழுந்ததோ அவனே சாட்டை பிடித்தவன் பேரனோடு ஒரே மேடையில் நின்றான். ஏன்?

அச்சம்! மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 52 பேர் இந்து என்று கணக்கெடுக்கப்பட்டவர்கள், முஸ்லிம்கள் 16, சீனர் 3, மற்றவரெல்லாம் 'பொது மக்கள்'. வெள்ளையன் போனால் வேலை யாருக்கு, வீடு யாருக்கு, அரசு அலுவலகத்து நாற்காலி யாருக்கு என்ற கேள்வி கிரியோலின் நெஞ்சைக் குடைந்தது. 'மலபார்' என்ற சொல் இந்தியரை ஏசும் வசையாயிற்று. போதாக்குறைக்கு, ஜேம்சு மீட் என்ற பொருளியல் அறிஞர் 1960-ஐ ஒட்டி ஆய்ந்து, மக்கள்தொகை பெருகும் வேகத்திலே இந்தத் தீவு வாடும் என்று எச்சரித்திருந்தார். பட்டினி வரும், பெரும்பான்மையும் வரும் என்று இரண்டையும் கோத்துப் பேசியவனுக்கு மேடை கிடைத்தது.

தமிழராவது ஒன்றாய் நின்றார்களா? இல்லை. வீராசாமி ரிங்காடு போன்றோர் தொழிற்கட்சியில் முன் வரிசையில் நின்றனர். அவரே பிற்காலத்தில், 1992-இல், குடியரசின் முதல் தலைவரானவர். ஆனால் தமிழரில் ஒரு பகுதியினர் டுவால் பக்கம் சாய்ந்தனர். இந்து என்ற பெரிய பெட்டிக்குள்ளே தங்களைப் போட்டு மூடி, இந்தி பேசும் பெருங்கூட்டத்தின் நிழலிலே நிறுத்திவிடுவார்களோ என்ற ஐயம் அவர்களுக்கு. இன்றும் அங்கே தமிழர் பலர், மதம் எது என்று கேட்டால் 'தமிழ்' என்றே சொல்கிறார்கள். மதத்தை மறுக்கும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பெரும்பான்மையின் பெயரால் வருவதெல்லாம் நடுநிலை ஆகாது என்று 1965-இல் மாணவர் உயிர்ப்பலி தந்து சொன்ன மண் இது. சிறுபான்மையின் அச்சத்தைப் பார்த்து, 'ஏகாதிபத்தியத்தின் எடுபிடி' என்று ஒரே சொல்லில் முத்திரை குத்த நமக்கு வாய் வருமா?

அச்சத்துக்கு மருந்தாக ஆங்கிலேயன் தந்தது ஒரு தேர்தல் கணக்கு. தீவிலே 20 தொகுதிகள், தொகுதிக்கு மூவர், ரோட்ரிகசுத் தீவுக்கு இருவர், ஆக 62. தேர்தலில் தோற்றவர்களிலே நல்ல வாக்குப் பெற்ற எண்மரை, குறைந்த இடம் பெற்ற சமூகத்துக்கு ஈடாகச் சேர்த்துக்கொள்வது, ஆக 70. 'சிறந்த தோல்வியாளர்' முறை என்று பெயர். வகுப்புவாரி உரிமைக்காக வாதாடிய வழியில் வந்த நாம் இதைக் குறை கூற மாட்டோம். பங்கு கேட்பது பிச்சையன்று. நாம் குறை கூறுவது பங்கிட்ட விதத்தை. இந்து, முஸ்லிம் என்பவை மதம். சீனர் என்பது இனம். இம்மூன்றிலும் அடங்காதவராக வாழ்க்கை முறையால் தோன்றுபவரெல்லாம் 'பொது மக்கள்' என்கிறது சட்டம். ஒடுக்கப்பட்டவன் யார், ஒடுக்கியவன் யார் என்று அது கேட்கவில்லை. அடிமையின் பேரனையும் ஆண்டையின் பேரனையும் ஒரே பெட்டியிலே போட்டது. பிற்காலத்தில் இளைஞர் சிலர், எந்தப் பெட்டிக்குள்ளும் எங்கள் பெயரைப் போட மாட்டோம் என்று வழக்காடினர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2012-இல் அவர்கள் பக்கம் நியாயம் கண்டது.

ஆகஸ்டு 7 வந்தது. பத்து வாக்காளரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வந்து வாக்களித்தனர். விடுதலை அணிக்கு 39 இடம். டுவால் கட்சிக்கு 23. தோல்வியாளர் எண்மரையும் பக்கத்துக்கு நால்வராகச் சேர்த்தபின் 43-க்கு 27. வாக்குக் கணக்கிலோ நூற்றுக்கு 55-க்குச் சற்றுக் குறைவு ஒரு பக்கம், 44 ஒரு பக்கம். ஆகஸ்டு 22-இல் புதிய சட்டமன்றம் விடுதலை கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

வெற்றி வெற்றிதான். ஆனால் தோற்ற 44 எங்கே போகும்? சிலர் ஆசுத்திரேலியாவுக்கும் பிரான்சுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறினர். போக இயலாதவர் போர்ட் லூயி சந்துகளிலே இருந்தனர். 1968 சனவரித் தொடக்கத்தில் சென்னையிலே உலகத் தமிழ் மாநாடு. கடற்கரையெங்கும் சிலைகள் எழுந்த திருநாள். அதே திங்களின் பிற்பகுதியிலே போர்ட் லூயியில் கிரியோலுக்கும் முஸ்லிமுக்கும் கலகம் மூண்டது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடக்குவதற்குச் சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் படை வந்தது. விடுதலை விழாவுக்கு வருவதாக இருந்த அரசகுடும்பத்துப் பெண் வரவில்லை. மார்ச்சு 12-ஆம் நாள் குதிரைப் பந்தயத் திடலிலே கொடி ஏறியது. ஏறியதைக் கண்டு அழுத கண்களில் இரண்டு வகைக் கண்ணீரும் இருந்தது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள்; பாடநூல்கள் இதைச் சற்று வேகமாகவே கடந்துபோகின்றன. 1969-இல் ராம்குலாமும் டுவாலும் கைகோத்துக்கொண்டார்கள்! விடுதலை வேண்டாம் என்றவர் விடுதலை நாட்டின் வெளியுறவு அமைச்சர் ஆனார். பகை தீர்ந்தது நன்றுதானே என்பீர்கள். நன்றுதான். ஆனால் சேர்ந்தவர்கள் சேர்ந்தே செய்த காரியம் என்ன தெரியுமா? 1972-இல் வரவேண்டிய தேர்தலை 1976-க்குத் தள்ளிவைத்தார்கள். வேலைநிறுத்தங்கள் எழுந்தபோது நெருக்கடி நிலை அறிவித்தார்கள். எந்த வாக்குச் சீட்டுக்காக அஞ்சலையின் தலைமுறை இரத்தம் சிந்திற்றோ, அந்தச் சீட்டை ஒரு தேர்தல் காலம் முழுதும் பெட்டிக்குள் பூட்டிவைத்தார்கள். சந்தில் வெட்டிக்கொண்டு மாண்டவன் வீட்டாரை யார் கேட்டார்கள்?

பூட்டைத் தட்டியவர்கள் மாணவர்கள். 1975 மே 20-இல் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தனர். அதன்பின் வாக்குரிமை வயது 18 ஆகக் குறைந்தது; 1977 முதல் மேல்நிலைக் கல்வி வரையிலும் கட்டணமில்லை என்றாயிற்று. மீட் அஞ்சிய பட்டினியும் வரவில்லை. ஆடைத் தொழிலும் பிற தொழில்களும் எழுந்தன. இதற்கெல்லாம் தனிக் கட்டுரை வேண்டும், இங்கே விடுகிறோம்.

விட முடியாதது வேறொன்று. முதலில் சொன்ன கேள்விக்கே திரும்பி வருகிறோம்: எண்ணப்பட்டவர் யார்?

தலைத்தீவிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலே ரோட்ரிகசு என்ற சிறு தீவு; மக்கள் பெரும்பாலும் கிரியோல். 1959-இலும் 1963-இலும் அவர்களுக்கு வாக்கே கிடையாது. முதன்முதலாக அவர்கள் வாக்களித்தது 1967-இல்தான். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விடுதலைக்கு எதிராகப் போட்டார்கள்! முதல் வாக்கு; முழு மறுப்பு. ஆயினும் அவர்களும் சேர்த்தே விடுதலை பெற்றார்கள். தங்களுக்கென ஒரு மன்றம் கிடைக்க 2002 வரை காத்திருந்தார்கள். இவர்கள் எண்ணப்பட்டார்கள், ஆனால் கேட்கப்படவில்லை.

எண்ணவே படாதவர்கள் இன்னும் வடக்கே இருந்தனர். சாகோசுத் தீவுக் கூட்டம், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். தென்னந்தோப்புகளில் உழைத்தோர் ஆயிரத்தைந்நூறு பேர் போல. மொரீசியசின் பகுதியாகவே ஆளப்பட்ட அந்தத் தீவுகளை, 1965 நவம்பரில், அதாவது தேர்தலுக்கும் முன்பே, பிரிட்டன் வெட்டித் தன்னோடு வைத்துக்கொண்டது. விலை, முப்பது லட்சம் பவுன். விடுதலை வேண்டுமானால் இதற்கு இசைய வேண்டும் என்பது இலண்டன் மாநாட்டின் திரைமறைவுப் பேரம். தியேகோ கார்சியாவில் அமெரிக்கப் போர்த்தளம் அமைய வேண்டும். ஆகவே மக்கள் இருக்கக் கூடாது. 1973-க்குள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். விடுதலையா இணைப்பா என்று தலைத்தீவு தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தபோது, இந்த மக்களிடம் எந்தச் சீட்டையும் எவரும் நீட்டவில்லை.

2019 பிப்ரவரி 25-இல் உலக நீதிமன்றம், அந்தத் தீவுகளை வெட்டி எடுத்தது சட்டப்படி செல்லாது, மொரீசியசின் விடுதலை முழுமை பெறவில்லை என்று கருத்துரை வழங்கியது. 2021 அக்டோபரில், இலங்கையிலிருந்து தஞ்சம் தேடிப் புறப்பட்ட ஈழத்தமிழர் படகொன்று பழுதடைந்து, மீட்கப்பட்டு, அதே தியேகோ கார்சியாவில் கொண்டுபோய் விடப்பட்டது. மூன்றாண்டுக்கு மேல் அவர்களைக் கூடாரங்களில் அடைத்து வைத்தார்கள். அடைத்தது சட்டத்துக்குப் புறம்பு என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மக்களை விரட்டிவிட்டு வெறுமையாக்கிய தீவிலே, நாடற்ற தமிழன் கைதி!

2025 மே 22-இல், தளத்தைத் தான் 99 ஆண்டுக் குத்தகைக்கு வைத்துக்கொண்டு, சாகோசின் உரிமையை மொரீசியசிடம் ஒப்படைக்க இசைந்து பிரிட்டன் ஒப்பந்தம் எழுதியது. அன்று விடியுமுன்னே, சாகோசில் பிறந்த இரு பெண்கள், எங்களைக் கேட்காமல் எங்கள் மண்ணைப் பேசுகிறீர்களே என்று இலண்டன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். இடைக்காலத் தடை கிடைத்தது. பகலுக்குள் தடையை நீக்கினார்கள். அன்றைக்கே கையெழுத்தும் ஆயிற்று.